ரெண்டு இடத்துல நழுவிய குடை... ரிஹானா கைக்கு வந்தது எப்படி?

ஹிட் பாட்டுக்குப் பேர் வைக்க நிலா, மழை, கனவுன்னு எவ்வளவோ இருக்கும்போது, கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குற குடையை யாராவது எடுப்பாங்களா? எடுத்தாங்க. 2007-ல் வெளியான ரிஹானாவின் ‘அம்பர்லா’ பாட்டைக் கேட்காதவங்க குறைவு. ஆனா, அது முதல்ல ரிஹானாவுக்காக எழுதின பாட்டே இல்லை மக்களே!

இசைத் தயாரிப்பாளர் ட்ரிக்கி ஸ்டூவர்ட், ஆப்பிள் கம்ப்யூட்டரோட இலவசமா வர்ற ‘கராஜ்பேண்ட்’ல இருந்த ஒரு ரெடிமேட் டிரம்ஸ் துணுக்கை ஓடவிட்டார். ‘வின்டேஜ் ஃபங்க் கிட் 03’ என்பது அதன் பெயர். மேக் வச்சிருக்கிற எந்தக் காலேஜ் பையனும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய சரக்குதான் அது. அதைக் கேட்டதும் பாடலாசிரியர் தி-ட்ரீமுக்குச் சட்டுனு தோணின சொல், குடை. குக் ஹாரலும் சேர்ந்துகொள்ள, சில மணி நேரத்தில் பாட்டு ரெடி.

அவர்கள் மனசுல இருந்த பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ். பிரிட்னி தரப்போ, ‘ஆல்பத்துக்குப் போதுமான பாட்டு இருக்கு’ன்னு திருப்பி அனுப்பிடுச்சு. அடுத்து மேரி ஜே. பிளைஜ். அவர் கிராமி பரபரப்பில் இருந்ததால் பதில் வரத் தாமதம். அந்த இடைவெளியில் டெஃப் ஜாம் நிறுவனத்தின் எல்.ஏ.ரீட் விடாமல் துரத்தி, 19 வயசு ரிஹானாவுக்காகப் பாட்டை வாங்கிட்டார். ஆரம்பத்துல வர்ற ராப், அப்போ அந்த நிறுவனத்தோட தலைவராகவும் இருந்த ஜே-ஸீயுடையது.

சரி, குடையில அப்படி என்ன இருக்கு? ‘எந்தக் கஷ்டம் வந்தாலும் உன்கூட இருப்பேன்’னு நேரடியா பாடினா, அது நூத்துல ஒண்ணு. அதையே குடைக்குள்ள கூப்பிடுறதா மாத்தினா, கேட்கிறவருக்கு உடனே ஒரு காட்சி கிடைச்சுடும். ஒரு குடையில ரெண்டு பேர் போனா, பிடிச்சிருக்கிறவரோட ஒரு தோள் கண்டிப்பா நனையும். அந்த நனைஞ்ச தோள்தான் பாட்டோட உயிர்னு எனக்குத் தோணும். ஒலியும் கை கொடுத்துச்சு. ‘அம்பர்லா’ன்னு வாய் திறந்தபடி முடியுற சொல் அது; எவ்வளவு வேணும்னாலும் இழுக்கலாம். வாலை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்பப் பாடினதுல, இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கும் மனசுல ஒட்டிக்கிச்சு.

பிரிட்டன்ல நடந்தது தனிக்கூத்து. மே மாசம் முதலிடத்துக்கு வந்த பாட்டு, 10 வாரம் இறங்கவே இல்லை. மழையும்தான்! இங்கிலாந்து, வேல்ஸில் 1766-ல் மழைக்கணக்கு எடுக்க ஆரம்பிச்சதிலிருந்து அவ்வளவு ஈரமான மே - ஜூலை வந்ததில்லை. ஊர் ஊரா வெள்ளம். ‘ரிஹானா சாபம்’னு பத்திரிகைகள் எழுதின. உண்மையில, ஜெட் ஸ்ட்ரீம் எனும் உயரக்காற்று வழக்கத்தைவிடத் தெற்கே இறங்கினதுதான் காரணம். அதுக்கு ரேடியோ கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது.

2008-ல் பாட்டுக்கு கிராமியும் கிடைச்சது. பிரிட்னிக்கும் வீட்டுப் பொருளுக்கும் என்னவோ ராசியில்லை போல... லேடி காகாவின் ‘டெலிபோன்’கூட முதல்ல அவருக்காக எழுதினதுதான். அதுவும் அவர் ஆல்பத்துல வரலை. காகாவே பியான்ஸேவோட சேர்ந்து பாடி ஹிட் ஆக்கிட்டார்.

பாட்டு வந்து 10 வருஷம் கழிச்சு, 2017-ல் ‘லிப் சிங்க் பேட்டில்’ மேடையில் நம்ம ஸ்பைடர்மேன் டாம் ஹாலண்ட், செயற்கை மழையில் நனைஞ்சுக்கிட்டே குடையோட ஆடின ஆட்டம் ஞாபகம் இருக்குல்ல? எதிர்ப்போட்டியாளரா இருந்தது ஜெண்டாயா!