கம்பியும் காற்றும் – 9: நாற்பது பேருக்கு ஒரு விரிவுரை

ஒருவர் கேட்ட பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டதும் வெளியே போகாமல் அதையே எடுத்துக் கொடுப்பதுதான் புரொக்சியின் வேலை என்று சென்ற வாரம் பார்த்தோம். வீடியோ என்று வந்ததும் அந்தக் கணக்கு குழம்புகிறது.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. தலைமை வளாகமோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். அறிவியல்நகரில் நாற்பது பேர் ஒரே விரிவுரையைப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்குச் செக்கனுக்கு 2 மெகாபிற் என்றால் வெளி இணைப்பில் 80 மெகாபிற் போய்விடும். அத்தனையும் ஒரே வீடியோவுக்கு.

ரியல் பிளேயர், விண்டோஸ் மீடியா காலத்தில் இதற்குத் தனி ஏற்பாடு இருந்தது. ஒன்று 554ஆம் போர்ட்டில் ஆர்.ரி.எஸ்.பி. என்ற மொழி பேசும், மற்றது 1755ஆம் போர்ட்டில் தன் சொந்த மொழி பேசும். இரண்டையும் புரிந்துகொள்ளும் புரொக்சியை விலைக்கு வாங்க வேண்டும். பதிவு செய்த வீடியோவை அது சேமித்துவைக்கும். நேரலை என்றால், துருசால் வரும் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வாய்க்கால்களுக்குப் பிரிப்பதுபோல, உள்ளே வரும் ஓர் ஓட்டத்தை நாற்பதாகப் பிரித்துவிடும்.

1996இல் வந்த ஸ்குவிட் என்ற புரொக்சி இலவசம். ஆனால் அதை நிறுவியபடியே விட்டால் வீடியோவுக்கு உதவாது. 4 மெகாபைட்டுக்கு மேற்பட்ட எதையும் அது சேமிக்காது. அந்த வரம்பை உயர்த்தினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாணவர் வீடியோவின் நடுவுக்குத் தாவினால், உலாவி கேட்பது ஒரு துண்டை மட்டும். துண்டுகளை ஸ்குவிட் சேமிப்பதில்லை. முழுக் கோப்பையும் இழுத்து வைக்கச் சொல்லலாம்தான். ஆனால் ஒருவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடிய வீடியோவுக்காக 300 மெகாபைட் இறங்கிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் சரிசெய்தாலும் யூரியூப்புக்குப் பயனில்லை. அது எச்.ரி.ரி.பி.எஸ். என்ற பூட்டிய வழியே வருகிறது. எந்த வழங்கிக்கு இணைப்பு என்பது புரொக்சிக்குத் தெரியும், உள்ளே என்ன போகிறது என்பது தெரியாது. மாணவர்களின் கணினிகளில் நமது சான்றிதழை ஏற்றி அந்தப் பூட்டை உடைக்கலாம் என்று சொல்வோர் உண்டு. நான் அதற்கு உடன்படமாட்டேன். வீடியோவைச் சேமிக்கப் போய், அவர்களின் வங்கிக் கணக்குக் கடவுச்சொல்லையும் படிக்கக்கூடிய ஒரு பெட்டியை வைத்ததாகிவிடும். சூம் போன்றவற்றையும் புரொக்சிக்குள் திணிக்காதீர்கள். அவை ஸ்குவிட் கையாளாத யு.டி.பி.யில் ஓடுபவை, நேராகப் போகட்டும்.

அப்படியானால் ஸ்குவிட்டுக்கு என்ன வேலை? சொந்த விரிவுரைகள்! 2020 கொரோனா முடக்கத்தில், இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பின் வழியே அவற்றின் வழங்கிகளை அணுகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மாணவரிடம் டேட்டாக் கட்டணம் வாங்கவில்லை. பாடம் நம் வழங்கியில் இருந்ததால்தான் அந்தச் சலுகை சாத்தியமானது. புரொக்சி சேமித்துவைப்பதற்கும் அதே நியாயம்தான். முகவரியும் சான்றிதழும் பல்கலைக்கழகத்தினுடையவை என்பதால், திருநெல்வேலி வழங்கிக்கு முன்னால் அறிவியல்நகரில் ஒரு ஸ்குவிட்டை நிறுத்தி அந்தச் சான்றிதழை அதற்கே கொடுக்கலாம். யாருடைய பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை.

விரிவுரையை ஒரே கோப்பாக ஏற்றாமல், ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் ஆறு செக்கன் துண்டுகளாக வெட்டுங்கள். 2 மெகாபிற் வேகத்தில் ஒரு துண்டு ஏறக்குறைய ஒன்றரை மெகாபைட். பழைய 4 மெகாபைட் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். எந்த இடத்துக்குத் தாவினாலும் கேட்கப்படுவது ஒரு முழுத் துண்டுதான்.

வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அழுத்தும்போது முதல் பிரதி இன்னும் வந்து முடிந்திருக்காது. அதனால் நாற்பது கோரிக்கையும் வெளியே ஓடும். ஸ்குவிட்டில் ‘கொலாப்ஸ்ட் ஃபோர்வர்டிங்’ என்ற அமைப்பு இயல்பாக அணைந்தே இருக்கும், அதை இயக்கினால் முதல் கோரிக்கை மட்டும் போகும், மற்றவை காத்திருக்கும். நேரலையில் துண்டுகளின் பட்டியல் கோப்பு சில செக்கனுக்கொருமுறை மாறும். அதை மட்டும் நீண்டநேரம் சேமிக்க விடாதீர்கள். விட்டால் விரிவுரையாளர் அங்கே பேசிக்கொண்டிருப்பார், இங்கே திரை பழைய துண்டிலேயே நின்றுவிடும்.