கட்டணம் ஓர் அமானிதம்: அவுஸ்திரேலியத் தனியார் கல்லூரிகளும் வெளிநாட்டு மாணவரும்

"சேர், மகனுக்கு ஒஃபர் லெட்டர் வந்திரிக்கி. இது நல்ல கொலிஜா என்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்களன்."

உயர்தரத்தில் என்னிடம் தமிழ் படித்த ஒரு மாணவனின் வாப்பா, பிளாஸ்டிக் உறையொன்றோடு வீட்டுக்கு வந்து இப்படிக் கேட்டார். உறைக்குள் மெல்பேர்ணிலுள்ள ஒரு தனியார் கல்லூரியின் கடிதம். முழுச் சல்லியையும் இந்தக் கிழமையே கட்டினால்தான் இடம் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தாராம். வயலை ஈடு வைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "ரெண்டு நாள் தாங்க காக்கா" என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு நாளிலும் பிறகும் தேடிப் படித்ததே இக்கட்டுரை.

முதலில் சிறிது வரலாறு. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் நமது கொழும்பில் கூடினார்கள். அங்கே உருவானதுதான் கொழும்புத் திட்டம். ஆசிய மாணவர் பலர் அதன் கீழ்ப் புலமைப்பரிசில் பெற்று அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். அன்று கல்வி ஓர் உதவியாக இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் கொள்கை மாறியது. முழுக் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கக் கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. கல்வி ஏற்றுமதிப் பண்டமாயிற்று. தனியார் கல்லூரிகள் பெருகின.

பெருக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2000களில் சமையற்கலை, சிகையலங்காரம் போன்ற தொழில்களைப் படித்தவருக்கு நிரந்தர வதிவிடம் பெறுவது இலகுவாக இருந்தது. படிப்பை விற்கிறோம் என்ற பெயரில் சில கல்லூரிகள் விற்றது அந்த வதிவிட ஆசையைத்தான். 2009இல் நிலைமை வெடித்தது. இந்திய மாணவர் மீதான தாக்குதல்களைக் கண்டித்து மெல்பேர்ணில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது. அதே காலத்தில் தனியார் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2010 பெப்ரவரியில் குடிவரவுத் தொழிற்பட்டியலும் மாற்றப்பட்டது. கட்டணம் கட்டிய பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

அதன் பின்னர் வந்த சீர்திருத்தங்களே நாம் கவனிக்க வேண்டியவை. தனியார் கல்லூரிக்கு அரசு ஆதரவு என்றதும் நாம் வரிச்சலுகையையும் மானியத்தையும் நினைக்கிறோம். நல்ல கல்லூரிக்குத் தேவையான பெரிய ஆதரவு அதுவல்ல. பக்கத்துக் கள்ளக் கல்லூரியால் தன் பெயர் கெடாமலிருப்பதுதான். ஒரு கல்லூரி ஏமாற்றினால், தூரத்து ஊரிலிருக்கும் வாப்பாவுக்கு எல்லாக் கல்லூரியும் ஒன்றுதான்.

அங்குள்ள ஏற்பாடு இதுதான். வெளிநாட்டு மாணவர் கல்விச் சேவைச் சட்டம் 2000ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி மாணவர் விசாவில் வருபவருக்குக் கற்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு கற்கைநெறியும் 'கிரைகோஸ்' எனும் அரச பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

அடுத்தது சல்லி. முன்னரும் காப்பு நிதி ஒன்று இருந்தது. பல கல்லூரிகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது அது தடுமாறியது. புரூஸ் பெயர்ட் தலைமையிலான மீளாய்வின் அறிக்கை 2010இல் வெளியானது. 2012இல் 'கல்விக் கட்டணப் பாதுகாப்புச் சேவை' தொடங்கப்பட்டது. கல்லூரிகள் ஆண்டுதோறும் அதற்குப் பணம் செலுத்துகின்றன; ஆபத்துக் கூடிய கல்லூரி கூடுதலாகச் செலுத்த வேண்டும். கல்லூரி மூடப்பட்டால், 14 நாளுக்குள் அதுவே மாற்றுக் கற்கைநெறி தர வேண்டும் அல்லது படிக்காத பகுதிக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் இச்சேவை பொறுப்பெடுத்து மாணவனுக்கு வேறு இடம் தேடும். இடம் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும்.

25 வாரத்துக்கு மேற்பட்ட கற்கைநெறியென்றால், படிப்புத் தொடங்குமுன் கட்டணத்தில் 50 வீதத்துக்கு மேல் கல்லூரி கேட்க முடியாது. மாணவன் தானே விரும்பிக் கூடக் கட்டினால் அது வேறு கதை. படிப்புத் தொடங்குமுன் விசா மறுக்கப்பட்டால், கட்டணத்தின் 5 வீதம் அல்லது 500 டொலர், இவற்றில் எது குறைவோ அதைக் கழித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்கூட்டிக் கட்டும் பணம் கல்லூரியின் வருமானமல்ல, பாடம் நடத்தி முடியும்வரை அது அமானிதம் என்பதே இவ்விதிகளின் சாரம்.

ஏஜென்டுக்கும் விதி உண்டு. அவருக்குத் தரகு கொடுப்பது கல்லூரி. ஆகவே அவர் சொல்லும் பொய்க்குக் கல்லூரியும் பொறுப்புக் கூற வேண்டும். 2018ஆம் ஆண்டுத் தேசிய நடைமுறைக் கோவைப்படி ஏஜென்டோடு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும்; நேர்மையற்றவரை விலக்க வேண்டும். தன் ஏஜென்டுகளின் பட்டியலைக் கல்லூரி தனது இணையத்தளத்தில் வெளியிடவும் வேண்டும். அதே கோவை, வந்திறங்கும் பிள்ளைக்கு அறிமுக வகுப்பு, உதவிக்கென ஒரு பொறுப்பாளர், முறைப்பாட்டு வழி என்பவற்றையும் கட்டாயமாக்குகிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. விதி இருந்தும் ஓட்டை தேடுவோர் இருக்கிறார்கள். அரசும் சில வேளை சுமையை மாணவன் தலையில்தான் வைக்கிறது. 710 டொலராக இருந்த விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆகி, 2025 ஜூலையில் 2,000 ஆனது. நம் காசில் ஏறத்தாழ நான்கு இலட்சம் ரூபா. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. படிப்புக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். "உழைச்சுப் படிக்கலாம்" என்ற பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இலங்கையைக் கல்வி மையமாக்கி வெளிநாட்டுப் பிள்ளைகளை இங்கே அழைக்க வேண்டும் என்ற பேச்சு நம்மிடமும் இருக்கிறது. நல்ல விடயம். ஆனால் கட்டடத்துக்கு முன் பதிவேடும், விளம்பரத்துக்கு முன் காப்பு நிதியும் வர வேண்டும். அவர்கள் அடிபட்டுப் படித்ததை நாம் அடிபடாமல் படிக்கலாம்.

மூன்றாம் நாள் அந்த வாப்பா வந்தார். இருவரும் சேர்ந்து பார்த்தோம். கல்லூரி பதிவேட்டில் இருந்தது; கற்கைநெறியும் இருந்தது. ஏஜென்டின் பெயர் மட்டும் கல்லூரியின் பட்டியலில் இல்லை. மகன் நேரடியாகக் கல்லூரிக்கு எழுதினான். பாதிக் கட்டணம் போதும் என்று பதில் வந்தது.

பாதி வயல்தான் ஈட்டுக்குப் போனது.