மானிட்டர் வாங்கப் போகிறீர்களா?

கல்லூரியில் சேர்ந்த மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகத் தகப்பனார் வாக்குக் கொடுத்துவிட்டார். பெட்டி வந்துவிட்டது. "கீ போர்டு" வந்துவிட்டது. கையில் இருந்த பணத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. மீதியில் மானிட்டர் வாங்க வேண்டும்.

கடைக்குப் போகிறார். சுவர் முழுவதும் மானிட்டர்கள் மின்னுகின்றன.

"27 அங்குலமே வாங்குங்கள், சார்! எல்லாம் பெரிதாகத் தெரியும்" என்கிறார் கடைக்காரர்.

எதை வாங்குவது?

பல வீடுகளில் இன்று இதே சங்கடம்தான். சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பணம் வீணாகாது.

குறுக்கு அளவு

"24 அங்குலம்" என்பது அகலம் அல்ல. ஒரு மூலையில் இருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளந்த அளவு. அந்தத் திரை ஏறக்குறைய 21 அங்குல அகலமும், 12 அங்குல உயரமும் இருக்கும். மேஜையை அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

புள்ளிக் கோலம்

திரையில் தெரியும் எழுத்தும் படமும் புள்ளிக் கோலம் போன்றவை. புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் எழுத்து தெளிவாக இருக்கும்.

"புல் எச்.டி." திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள். மேலிருந்து கீழாக 1,080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600!

24 அங்குலத் திரையிலும் இதே எண்ணிக்கைதான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 27 அங்குலத் திரை பலவற்றிலும் இதே எண்ணிக்கைதான். அப்படியானால் வித்தியாசம் என்ன?

சிறிய திரையில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள். பெரிய திரையில் 82 புள்ளிகள். பணம் கூடுதலாகக் கொடுத்தும் தெளிவு குறைகிறது! படிப்புக்கு 24 அங்குலமே போதும்.

விலை குறைவு என்று 1,366-க்கு 768 புள்ளி உள்ள மானிட்டரை வாங்கிவிடக் கூடாது. அதில் உள்ள புள்ளிகள் பாதிதான்.

"ண" சோதனை

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். தமிழ்ச் செய்தி ஒன்றைத் திரையில் சிறிய எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். "ண" எழுத்தின் மூன்று சுழிகளும், "ன" எழுத்தின் இரண்டு சுழிகளும் ஒட்டாமல் தெரிகின்றனவா? தெரிந்தால் கண்ணுக்குக் கஷ்டம் இல்லை.

பிறகு திரை முழுவதும் வெள்ளையாகவும், அடுத்துக் கறுப்பாகவும் வைக்கச் சொல்லுங்கள். செத்துப்போன புள்ளி இருந்தால் அப்போது காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்று வகை

1888-ம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவர விஞ்ஞானி பிரெடரிக் ரெய்னிட்சர் ஓர் அதிசயம் கண்டார். ஒரு பொருளைச் சூடாக்கினார். 145 டிகிரியில் அது உருகிக் கலங்கலாக நின்றது. 178 டிகிரியில்தான் தெளிந்தது. அந்தக் கலங்கல் நிலைதான் "திரவப் படிகம்". இன்று மானிட்டருக்குள் இருப்பது அந்த இனத்தைச் சேர்ந்த பொருள்தான்.

அதை அமைக்கும் முறையில் மூன்று வகை உண்டு. "டி.என்." வகையில், பக்கவாட்டிலோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறும். "வி.ஏ." வகையில் கறுப்பு நன்றாகக் கறுப்பாகத் தெரியும். "ஐ.பி.எஸ்." வகையில் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. அக்காளும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றது.

"ஹெர்ட்ஸ்" என்பது ஒரு வினாடியில் படம் எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்கு. படிப்புக்கு 60 போதும். அதே விலையில் 75 அல்லது 100 கிடைத்தால் லாபம். 144-க்குப் பணம் கொடுப்பது விளையாட்டுப் பிரியர்களின் செலவு.

வீட்டுக்கு வந்த பிறகு

மானிட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, "சத்தமே வரவில்லையே!" என்று திகைப்பவர்கள் உண்டு. மலிவான மானிட்டர் பலவற்றில் ஒலிபெருக்கி இருக்காது. காமிராவும் இருக்காது. முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரின் பின்புறத்தில் உள்ள "எச்.டி.எம்.ஐ." துளை மானிட்டரிலும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் மறக்கக் கூடாது.

திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. உயரம் போதாவிட்டால் அடியில் ஒரு பலகை வைத்தால் போதும். அதற்காக விலை உயர்ந்த தாங்கி வேண்டாம்.

பணமே இல்லை என்றால்?

வீட்டில் உள்ள டி.வி.யை இணைத்துக்கொள்ளலாம். ஆனால் 1,366 புள்ளி உள்ள 32 அங்குல டி.வி.யில் ஓர் அங்குலத்துக்கு 49 புள்ளிகளே. பாடத்தைப் பார்க்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் படித்தால் கண் வலிக்கும். பணம் சேரும் வரை அது தாங்கும். கடன் வாங்க வேண்டியது இல்லை.

தகப்பனார் என்ன செய்தார்? 24 அங்குல "ஐ.பி.எஸ்." மானிட்டரை வாங்கினார். மிச்சப் பணத்தில் சிறிய ஒலிபெருக்கியும் காமிராவும் வந்தன.

மகள் முதலில் தன் பெயரைத் தமிழில் அடித்தாள். தகப்பனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நன்றாகத் தெரிகிறதம்மா" என்றார்.