டேங்க் ஃபுல்... லைட் மட்டும் அணையல!

கோவை பொள்ளாச்சி ரோட்டில் ஏதாவது ஒரு பங்க்கில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தச் சண்டையைப் பார்த்துவிடலாம். ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாகிவிட்டது. காரில் முள் அசையவில்லை. டேஷ்போர்டில் அந்த ஆரஞ்சு விளக்கு எரிந்தது எரிந்தபடியே இருக்கிறது. "ஏனுங் தம்பி, நெசமாலுமே போட்டீங்களா?" என்று குரல் ஏறுகிறது. பையன் மிஷினைக் காட்டுகிறான், பில்லைக் காட்டுகிறான். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. முத்திரை போட்ட 5 லிட்டர் அளவு கேனைக் கொண்டுவந்து மேனேஜர் பிடித்துக் காட்டிய பிறகும் வந்தவர் முணுமுணுத்துக்கொண்டேதான் போகிறார்.

இதில் பல சண்டைகளுக்குக் காரணம் பங்க்கும் இல்லை, லைட்டும் இல்லை, சாவி. வெயிலுக்குப் பயந்து ஏசியை ஓடவிட்டபடி பெட்ரோல் போட்டிருப்பார். வளைவிலும் மேட்டிலும் டேங்குக்குள் பெட்ரோல் அலைபாயும்போதெல்லாம் முள் ஆடக் கூடாது என்பதற்காக, இன்றைய கார்களில் மீட்டரை நிதானமாகவே நகரும்படி வைத்திருக்கிறார்கள். வண்டி ஆனில் இருக்கும்போது போட்ட பெட்ரோலையும் பல கார்கள் அதே நிதானத்தோடுதான் கணக்கில் சேர்க்கும். சாவியை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் முள் மளமளவென்று ஏறிவிடும். (இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் பெட்ரோல் போட வேண்டும் என்று பங்க்கில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?)

சாவியை அணைத்துப் போட்டும் லைட் அணையவில்லையா? இனிமேல்தான் செலவு. சர்வீஸுக்குப் போன இடத்தில் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: "மீட்டர் போர்டை மாத்தோணுங்", இல்லாவிட்டால் "பம்ப் செட்டோட மாத்தோணுங்". இரண்டுமே ஆயிரக்கணக்கில் இழுக்கிற வேலை.

மீட்டர் போர்டே பழுதாகி வந்த கதையும் உண்டு, மறுக்கவில்லை. 2025 நவம்பரில் ஒரு பெரிய கார் நிறுவனம் தன் எஸ்யூவி ஒன்றில் 39,506 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2024 டிசம்பர் 9 முதல் 2025 ஏப்ரல் 29 வரை தயாரானவை. ஸ்பீடோமீட்டர் அசெம்ப்ளியில் எரிபொருள் அளவும் எச்சரிக்கை விளக்கும் உள்ளபடி காட்டாமல் போகலாம் என்பதுதான் காரணம். அதே தேதிகளில் தயாரான 11,529 கார்களை இன்னொரு நிறுவனமும் அதே மாதம் அழைத்தது. இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் நம்பரை வைத்து ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

ஆனால் சிங்காநல்லூர் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறைகளுக்கு வருகிற வண்டிகள் அந்த ரகம் இல்லை. எட்டு, பத்து வருஷம் ஓடியவை. அங்கே நான் பார்த்த வேலையைச் சொல்கிறேன்.

வந்தவரிடம் எலக்ட்ரீஷியன் கேட்ட முதல் கேள்வி: "முள்ளு சரியாக் காட்டி லைட்டு மட்டும் பொய் சொல்லுதுங்ளா, ரெண்டுமே பொய் சொல்லுதுங்ளா?" பாதி வைத்தியம் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. லைட்டுக்கென்று டேங்குக்குள் தனியாக ஒரு தெர்மிஸ்டர் வைத்த பழைய வண்டிகள் உண்டு. பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்து கிடக்கும். பெட்ரோல் இறங்கி வெளியே வந்ததும் சூடேறி லைட்டை எரிய விடும். அந்த வண்டிகளில் முள் சரியாக இருந்து லைட் மட்டும் தப்பென்றால் தெர்மிஸ்டரையும் அதன் ஒயரையும் பார்த்தால் போதும். இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் டேங்குக்குள் மிதக்கிற ஃப்ளோட் பக்கம் போக வேண்டும். பெட்ரோல் முள்ளோடு ஹீட் முள்ளும் சேர்ந்து கோளாறு காட்டினால், அந்தக் காலத்துக் கார்களில் டேங்கையே தொட மாட்டார்களாம். மீட்டருக்குப் பின்னால் இருக்கிற குட்டி ஸ்டெபிலைசர்தான் குற்றவாளி.

அடுத்து சாவியை ஆன் செய்தார். பல வண்டிகளில் மற்ற எச்சரிக்கை விளக்குகளோடு பெட்ரோல் லைட்டும் எரிந்து, இரண்டு மூன்று விநாடியில் அணைய வேண்டும். இந்த லைட் அப்போதுகூட எரியாமல் இருந்தால் பல்பு போயிருக்கிறது, அல்லது மீட்டர் போர்டில் கோளாறு. எரிந்து அணையாமல் நின்றால் பெரும்பாலும் டேங்க் பக்கத்துச் சமாச்சாரம். இந்த வண்டியில் நின்றது.

"பின் சீட்டைத் தூக்குங்ணா." சீட்டுக்கு அடியில் நாலு ஸ்க்ரூ போட்ட ஒரு தகர மூடி, அதற்குக் கீழே பம்ப்பும் ஃப்ளோட்டும் சேர்ந்த செட், அதன் தலையில் கப்ளர். மூடிமேல் கொத்துக்கடலைத் தோலும் மண்ணும். கப்ளரைக் கழற்றினால் ஒரு பின் பச்சை பூத்திருந்தது. எர்த் பின். மல்டிமீட்டரை வைத்தார், ஓம்ஸ் ஓரிடத்தில் நிற்காமல் தாவியது. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, கான்டாக்ட் க்ளீனர் அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, பின்னைக் கொஞ்சம் இறுக்கிப் போட்டார். லைட் அணைந்தது. கூலி, ஒரு குடும்பம் அன்னபூர்ணா ஓட்டலிலோ எங்கேயோ காபி சாப்பிடுகிற காசு.

எல்லா வண்டியும் இப்படி லேசில் முடியாது. வீட்டு மேல்தொட்டியில் இருக்கிற பந்து மாதிரிதான் ஃப்ளோட்டும். அதன் கை ஒரு ரெசிஸ்டர் தடத்தில் மேலும் கீழும் உரசிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் உரசினால் தடம் தேயும். ஃப்ளோட்டைக் கையால் மெல்லத் தூக்கும்போது ஓம்ஸ் சீராக மாறாமல் ஓரிடத்தில் விட்டுப்போனால் தடம் போய்விட்டது என்று அர்த்தம். பெட்ரோலே அந்தத் தொடுமுனையைக் கெடுத்ததும் நடந்திருக்கிறது. 2004 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடா, லூசியானா பக்கம் கந்தகம் கூடிப்போன பெட்ரோலால் வெள்ளித் தொடுமுனைகள் கெட்டு, காலி டேங்கை நிறைந்ததாகக் காட்டின கார்கள். இங்கே 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள் என்பதால் அந்தப் பயம் குறைவு. இப்போது கலக்கிற 20 சதவீத எத்தனாலுக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டிக்காரர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

அப்படித் தடம் தேய்ந்தாலும் பல வண்டிகளில் ஃப்ளோட் சென்சாரை மட்டும் தனியே மாற்ற முடியும். பம்ப்போடு சேர்த்து முழு செட்டை ஏன் தலையில் கட்ட வேண்டும்?

சர்வீஸ் சென்டர்காரர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது: பெட்ரோல் டேங்க் விளையாட்டு இல்லை, வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி போய்விடும். வாரண்டி இருக்கிற வண்டிக்கு அது சரி. மற்ற வண்டிகளுக்கு?

பம்ப்செட்டும் மோட்டாரும் செய்து பிழைத்த ஊர் இது. மோட்டார் எரிந்தால் தூக்கி எறியாமல், காயில் பிரித்துத் திரும்பக் கட்டி இன்னும் பத்து வருஷம் ஓட்டியவர்கள் கணபதியிலும் பீளமேட்டிலும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் இங்கே கைத்தொழில். இப்போது ஸ்கேனரில் ஒரு எரர் கோடு வருகிறது, அந்தக் கோட்டுக்கு நேரே ஒரு பார்ட் நம்பர், அதோடு முடிந்தது. கோடு சொல்வது 'சென்சார் சர்க்யூட்டில் கோளாறு' என்று மட்டும்தான். சர்க்யூட் என்றால் ஒயர், கப்ளர், எர்த் எல்லாம் சேர்ந்ததுதானே? ஐ.டி.ஐ. முடித்து வருகிற பையன்களுக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாமல் இல்லை. பிடிக்க நேரம் தருவதில்லை. ஒரு மணி நேரம் தேடி எர்த் பின்னைத் தேய்த்தால் பில்லில் என்ன போடுவது? செட்டை மாற்றினால் பில் தானாக நீளும்.

லைட் பொய் சொல்கிறது என்று தெரிந்த பிறகு அதை மறந்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பதறுகிறது. நம் பக்கம் விலை குறைவு என்று கேரள வண்டிகள் லைட் எரிய எரிய வாளையார் தாண்டி வருவதைப் பார்க்கிறோம். ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், சுற்றிலும் காடு. அங்கே நின்றுபோனால் பாட்டிலில் வாங்கி வரலாம் என்று நினைக்காதீர்கள், பங்க்கில் பாட்டிலுக்குத் தர மாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 இருக்கிறது. மலையில் யாரைக் கூப்பிடுவது? இன்னொன்று, டேங்குக்குள் இருக்கிற பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டினால் அது சூடாகி ஆயுள் குறையும். லைட் சரியாகும்வரை, ஒருமுறை டேங்க்கை நிரப்பி ட்ரிப் மீட்டரை ஜீரோவில் வைத்து, கிலோமீட்டர் கணக்கில் ஓட்டுங்கள்.

சர்வீஸ் சென்டரில் செட்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால், கப்ளரைக் கழற்றிப் பார்த்தீர்களா, எர்த் பார்த்தீர்களா, ஃப்ளோட்டைத் தூக்கியபோது ஓம்ஸ் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு மாறியது என்று கேளுங்கள். எண் சொன்னால் மாற்றச் சொல்லுங்கள். "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஏற்கெனவே மாற்றிவிட்டார்களா? கழற்றிய பழைய செட்டையாவது கேட்டு வாங்கி வாருங்கள். பிரித்துப் பார்த்துச் சொல்ல சிங்காநல்லூரில் இன்னும் ஆள் இருக்கிறது.