இரட்டை ஏராப் படகு: பணம் கொடுக்கும் முன்

இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையோரக் கழிமுகங்களில் வற்றத்தின்போது தண்ணீர் இறங்கிவிட்டால் மிஞ்சுவது சேறுதான். ஒற்றை ஏரா (படகின் அடியில் கீழ்நோக்கி நீண்டிருக்கும் கீல்) வைத்த பாய்மரப் படகு அங்கே விலாப்பக்கம் சாய்ந்துவிடும். அடியில் இரண்டு ஏரா உள்ள படகோ நிமிர்ந்து நிற்கும். ஏற்றம் வரும்வரை உள்ளேயே சமைக்கலாம், தூங்கலாம். 1969 முதல் 1980 வரை கட்டப்பட்ட வெஸ்டர்லி சென்டார் இவற்றில் பேர்போனது. நீளம் 26 அடி. மூன்றடிக்குச் சற்று மேல் தண்ணீர் இருந்தாலே மிதக்கும். 2,000-க்கும் மேல் கட்டினார்கள். இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஏராக்களைத்தான். ஒவ்வொரு வற்றத்திலும் படகின் முழுப் பாரமும் அவற்றின்மேல் இறங்குகிறது. ஒன்றின் கீழ் சேறும் மற்றதன் கீழ் கல்லும் இருந்தால் ஏரா விரியப் பார்க்கும். ஃபைபர்கிளாஸ் அடிப்பகுதி நெளியும். சென்டார்கள் பலவற்றில் இந்த இணைப்பைப் பின்னாளில் பலப்படுத்த வேண்டிவந்தது. உட்தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றித் துருநீர் வடிந்த தடம், மயிரிழை வெடிப்பு, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட்: எது தெரிந்தாலும் காரணம் கேளுங்கள். கிரேனில் தொங்கும்போது ஏராவின் கீழ்நுனியைப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். மேலே இணைப்பு அசைந்தால் பேரம் பேசுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும் என்பது விற்பவரைப் பொறுத்தது. வியாபாரியிடம் வாங்கினால் பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உண்டு. வாங்கும்போதே இருந்த, உங்களுக்குச் சொல்லப்படாத பெரிய பழுது தெரியவந்தால் 30 நாளுக்குள் படகைத் திருப்பித் தரலாம். தனியாரிடம் வாங்கினால் தரத்துக்கு அப்படி உத்தரவாதம் கிடையாது. சொன்ன விவரத்துக்குப் படகு பொருந்த வேண்டும், பொய் சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே ‘ஏரா பலப்படுத்தியாயிற்று’ என்று அவர் வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். பின்னால் அது பொய்யென்று தெரிந்து, கேட்கும் நஷ்டஈடு 10,000 பவுண்டுக்குள் என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு வழக்கு முறையில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். அப்போது அவர் எழுதித் தந்ததே சாட்சி.

விற்பவர் நீட்டும் பழைய சர்வே அறிக்கையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அது அவருக்காக எழுதியது. தவறு இருந்தால் அந்தச் சர்வேயரை நீங்கள் பொறுப்பாக்குவது கடினம். உங்கள் பெயரில், உங்கள் செலவில் ஒன்று எடுங்கள். சிறு கப்பல் பதிவேட்டுச் சான்றும் உடைமைக்கு அத்தாட்சி ஆகாது. முந்தைய விற்பனை ரசீதுகளைக் கேளுங்கள். துறைமுக வாடகை பாக்கி உண்டா என்று படகு நிற்கும் இடத்திலேயே விசாரியுங்கள்.