வண்டூரில் தூள்பலகை நிற்குமா?

சங்கத்துக் குடும்பங்களில் புதுவீடு கட்டுவோரும் மகளுக்குச் சீர் வாங்குவோரும், மரவேலை தெரிந்தவன் என்று என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கப்பலில் வருகிற பார்ட்டிகிள் போர்டு அலமாரி நம்ம ஊரில் நிற்குமா?" போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, கடற்காற்று நேராக வீட்டுக்குள் வரும் ஊர் எங்கள் வண்டூர். இங்கே எந்தப் பலகையையும் முதலில் ஈரம் சோதிக்கும், அடுத்துக் கரையான் சோதிக்கும்.

முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1883-ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை இருக்கும் தீவல்லவா இது! வைரம் பாய்ந்த படாக் பலகை கிடைத்தால் பேரன் காலம்வரை கவலையில்லை. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் இங்கே இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டுக்கு அது நல்லதுதான், ஆசாரிகளுக்குத்தான் கஷ்டம். இன்று தோட்ட மரத்தையும் கழிவையும் தூளாக்கிப் பசையிட்டு அழுத்திய பலகைகள் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன.

ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்வோம். 1964-ம் ஆண்டு ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறிய நம்மவர்களுக்கு அது பழகிய மரம். கன்னியாகுமரி, கேரளத் தோட்டங்களில் 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டிவிடுவார்கள். படாக்கைப் போல அதில் வைரம் கிடையாது. எல்லாம் வெளிறு, உள்ளே மாவுச்சத்து. உளுவுக்கு விருந்து! அதனால் அறுத்த உடனேயே உருளைத் தொட்டியில் அடைத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றுகிறார்கள். கேரம் போர்டில் தூவுகிறோமே, அதே போரிக் பவுடர்தான்.

இதே மருந்தைத் தூள்பலகைக்கும் போட்டால் என்ன என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். மலிவான பலகைகளில் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. அது அமிலத்தன்மையில்தான் சூட்டில் நன்றாக இறுகும். வெண்காரமோ பெயருக்கேற்றபடி காரம். அளவு கூடினால் பசை இறுகத் தாமதமாகி, தூளைத் தூள் பிடிக்காமல் பலகை பலமிழக்கும். பூச்சி வராது, திருகாணியும் நிற்காது! சரி, செய்து முடித்த பலகையை மருந்துநீரில் முக்கலாமா என்றால், ஊறிப் பருத்துவிடும். ஆகவே நீரில் எளிதில் கரையாத ஜிங்க் போரேட் தூளை, நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டி, பசையிடும்போதே செதிலோடு கலக்கும் முறை வந்தது. வெண்காரம் போல ஈரத்தில் சீக்கிரம் கரைந்து ஓடாது என்பது கூடுதல் லாபம்.

ஆனால் மருந்து பூச்சியைத் தடுக்குமே தவிர ஈரத்தைத் தடுக்காது. எங்கள் வீட்டிலிருந்த ஒரு மேசையை உளு தொடவில்லை. இரண்டு மழைக்காலத்தில் ஓரங்கள் பணியாரம் போல உப்பிவிட்டன. வாங்குவதானால் பின்புறம், அறுத்த ஓரம், திருகாணித் துளை எல்லாம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இது வேண்டவே வேண்டாம். அங்கே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போடுங்கள், செலவு கூடும்தான்.

தாய்மார்களுக்கு ஒன்று. 1930-களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் கண்டுபிடித்த 'ஆஸ்கு' மருந்து உலகப் புகழ் பெற்றது. ஆர்சனிக்கும் செம்பும் அதன் பெயரிலேயே இருக்கின்றன; கூடவே குரோமியமும் உண்டு. மண்ணில் நட்ட கம்பத்தைக்கூடப் பல்லாண்டு காக்கும். ஆனால் ஆர்சனிக் பாஷாணமல்லவா? அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பச்சை நிறம் ஏறிய பழைய கம்பத் துண்டுகளை அடுப்பில் வைக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் விஷம் இருக்கும். அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்திக்கும் போடக்கூடாது. பசையிட்ட தூள்பலகைத் துண்டுகளும் அடுப்புக்கு ஆகாது. வெந்நீர் போடத் தென்னை மட்டைக்கா நம் தீவில் பஞ்சம்?