விறகுக்கட்டுக்குள் ஒரு வீடு

போடிமெட்டு அடிவாரத்துக் கருவேல மரங்கள்ல, விரல் நீளத்துக்கு ஒரு குட்டி விறகுக்கட்டு தொங்குறதைப் பார்த்திருக்கீங்களா? காய்ந்த குப்பைன்னு நினைச்சிடாதீங்க. கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, நகரும்!

உள்ளே இருப்பது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தென்னிந்தியாவில் இருக்கும் இந்த வகைக்கு 'யூமீட்டா கிராமெரி' என்று பெயர். வாயிலிருந்து வரும் பட்டு நூலால் பை நெய்து, குச்சிகளை வெட்டி மேலே வரிசையாக ஒட்டிக்கொள்ளும். தலையை மட்டும் நீட்டி இலை தின்னும். ஆபத்து வந்தால் உள்ளே போயிடும். வளர வளரப் பையையும் பெரிசாக்கும்.

ஆண் பூச்சி இறக்கை முளைத்துப் பறந்துவிடும். பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. பைக்குள்ளேயே முட்டையிட்டு, அதோடு அதன் வாழ்க்கை முடிந்துவிடும். பொரிந்த குஞ்சுப் புழுக்கள் நூல் விட்டுக் காற்றில் மிதந்து வேறு மரத்துக்குப் போகும்.

நம்ம டிபார்ட்மெண்ட் ஆட்களுக்கு ஒரு விஷயம்: இதன் ஜப்பானிய உறவுக்காரப் புழுவின் நூலை அங்குள்ள ஆய்வாளர்கள் இழுத்துச் சோதித்தார்கள். பட்டுப்புழு நூலைவிட மட்டுமல்ல, சிலந்தி நூலைவிடவும் அது வலுவானது என்று 2019-ல் வெளியிட்டார்கள்.

சின்ன வயசுல ஒரு பையைப் பிய்க்கப் பார்த்தேன். கையால முடியல, பிளேடு எடுத்தேன். உள்ளே முட்டைகள்தான் இருந்தன. இப்போ பார்த்தா தொடுறதில்லை. நீங்களும் பார்த்துட்டு, அப்படியே விட்டுட்டு வாங்க.